பழைய கலர் டி.வி.யைத் தேடி வாங்கி மீட்டெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய கலர் டி.வி. ஒன்று கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வருகிற முதல் ஆசை, பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். விற்கிறவரே "இருங்க, போட்டுக் காட்டுறேன்" என்று சொன்னாலும் வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள். 30, 40 வருஷம் சும்மா கிடந்த செட்டில் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் கரைந்துபோயிருக்கும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறும்போது அவை கிட்டத்தட்ட ஷார்ட் ஆனது போலக் கரண்டை இழுத்து, தாங்கள் வெடிப்பதோடு நிற்காமல் பவர் டிரான்ஸ்ஃபார்மரையோ, பிக்சர் டியூப்புக்கு உயர் வோல்டேஜ் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரையோ சேர்த்துக் கொன்றுவிடும். கண்டென்சர் எங்கும் கிடைக்கும். அந்த மாடலுக்கென்றே சுற்றிய ஃப்ளைபேக்கைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டும், அப்போதும் கிடைக்கும் என்று உறுதியில்லை.

இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொள்கிற வரிசை ஒன்றுதான். முதலில் படம் காட்டும் பெரிய கண்ணாடிக் குழாயான பிக்சர் டியூப், அடுத்து பாதுகாப்பு, அப்புறம் கண்டென்சர்கள், அப்புறம் நல்ல கறுப்பு வெள்ளைப் படம், எல்லாம் முடிந்தபின் கலர். பெரும்பாலானவர்கள் கலர் வரவில்லை என்று கலர் பகுதியைத்தான் முதலில் குடைவார்கள். கறுப்பு வெள்ளைப் படமே ஒழுங்காக வராத செட்டில் கலர் ஒருநாளும் ஒழுங்காக வராது, ஏனென்றால் கலர் டி.வி. காட்டும் வெள்ளை என்பதே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சரியான அளவில் ஒரே இடத்தில் விழுவதால் பிறப்பது.

எந்தக் காலத்துச் செட்டு?

தேடத் தொடங்கும் முன் எந்தக் காலத்துச் செட்டை எடுக்கப்போகிறீர்கள் என்று தெளிவாக இருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு காலத்துக்கும் வேலையே வேறு.

அமெரிக்காவில் என்டிஎஸ்சி என்ற கலர் ஒளிபரப்பு முறைக்கு 1953 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆர்சிஏ கம்பெனியின் சிடி-100 வந்தது. 36 வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முன் இருந்த கண்ணாடிக் குழாய்கள்), 15ஜிபி22 என்ற உருண்டை பிக்சர் டியூப், அந்தக் காலத்திலேயே விலை 1000 டாலர். இந்த டியூப்பில் உலோகமும் கண்ணாடியும் ஒட்டும் இடத்தில் மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், அதனால் இன்று உயிரோடு இருக்கும் 15ஜிபி22 கிடைப்பது மிக அரிது. அருங்காட்சியகத்தில் பார்த்து ரசிக்க வேண்டிய செட்டு இது, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹில்லியார்ட் என்ற ஊரிலுள்ள ஆரம்பகாலத் தொலைக்காட்சி அருங்காட்சியகம் இதுபோன்றவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. முதல் செட்டாக இதைத் தொடாதீர்கள்.

அதற்கடுத்து வந்தவை 21 அங்குல உருண்டை டியூப் செட்டுகள். இவற்றில் முதலில் வந்த 21ஏஎக்ஸ்பி22 டியூப்பின் பின்பக்கக் கூம்பு உலோகத்தால் ஆனது, செட் ஓடும்போது அந்தக் கூம்பு முழுவதும் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் அனுபவம் வரும்வரை அந்த செட்டைத் தள்ளியே வையுங்கள். பிறகு முழுக்கண்ணாடி டியூப்கள் வந்தன, 1960களின் நடுவில் செவ்வக டியூப்கள் வந்தன, திரையில் சிவப்பாக ஒளிரும் பூச்சான சிவப்பு பாஸ்பரில் யூரோப்பியம் என்ற தனிமத்தைச் சேர்க்கத் தொடங்கியதும் படமும் நன்றாக வெளிச்சமானது. ஐரோப்பாவில் பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் 1967இல் கலருக்கு வந்தன, முதல் இரண்டும் பால் (PAL) என்ற கலர் ஒளிபரப்பு முறை, பிரான்ஸ் சீக்காம் (SECAM) முறை. 1968இல் ஜப்பானில் சோனி தன் சொந்த வகை டியூப்பான டிரினிட்ரானோடு செய்த முதல் செட்டு கேவி-1310 வந்தது. 1970களில், எலக்ட்ரானைத் திரைக்கு எய்யும் மூன்று துப்பாக்கிகளும் ஒரே வரிசையில் நிற்கும் இன்-லைன் டியூப்கள் பரவிய பிறகு, முக்கோணமாகத் துப்பாக்கிகள் இருந்த பழைய டெல்டா டியூப்களின் கன்வர்ஜென்ஸ், அதாவது மூன்று நிறத்தையும் ஒரே இடத்தில் சேர்க்கும் தலைவலி பெருமளவு தீர்ந்தது.

முதல் செட்டு எடுப்பவருக்கு என் யோசனை: 1970களின் நடுவிலோ பின்பகுதியிலோ வந்த, இன்-லைன் டியூப்போ டிரினிட்ரானோ உள்ள டிரான்சிஸ்டர் செட்டில் கையைப் பழக்குங்கள். இரண்டாவதாக வால்வும் டெல்டா டியூப்பும் உள்ள செட்டுக்குப் போங்கள். டெல்டா டியூப்பின் படத்தில் ஒரு தனி அழகு உண்டு, மறுக்கவில்லை, ஆனால் அதைக் கொண்டுவர உழைப்பும் பொறுமையும் இரண்டு மடங்கு வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

கேபினெட்டில் மயங்காதீர்கள். மரத்தை எப்போது வேண்டுமானாலும் மெருகேற்றலாம். பின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, டார்ச் அடித்து டியூப்பின் கழுத்தைப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளிபோல, கண்ணாடிபோல ஒரு பூச்சு தெரியும், அதுதான் மிச்சக் காற்றை உறிஞ்சும் கெட்டர். அது பளபளவென்று இருந்தால் வெற்றிடம் அநேகமாகப் பத்திரமாக இருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் முடிந்தது. கழுத்தின் கடைசியில் சாக்கெட் மாட்டும் பிளாஸ்டிக் அடிப்பகுதிக்குள் சின்னக் கண்ணாடி முனை ஒன்று இருக்கும். யாராவது முரட்டுத்தனமாகச் சாக்கெட்டைப் பிடுங்கினால் உடைவது அதுதான்.

அடுத்தது ஹீட்டர், டியூப்பின் கழுத்துக்குள் சூடாகும் இழை. சாக்கெட்டைக் கழற்றி ஹீட்டர் பின்கள் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள், எந்தப் பின் என்று டியூப்பின் எண்ணை வைத்து முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். டியூப் டெஸ்டர் இருந்தால் எடுத்துப்போய் மூன்று துப்பாக்கிகளின் எமிஷனையும் (எலக்ட்ரான் வெளிவிடும் திறனையும்) தனித்தனியாகப் பார்க்கலாம். மூன்றும் ஓரளவு பலவீனமாக, ஆனால் சமமாக இருந்தால் நான் தைரியமாக வாங்குவேன். இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் யோசிப்பேன், அந்த ஒன்று மற்ற இரண்டையும் தன் அளவுக்கு இழுத்துவிடும்.

முகப்புக் கண்ணாடியின் ஓரங்களில் பூஞ்சை பிடித்தது போல வட்ட வட்டமான திட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சேகரிப்பாளர்கள் இதைக் கண்புரை என்றே சொல்வார்கள். 1960களில் பாதுகாப்புக் கண்ணாடியை டியூப்போடு நேரடியாக ஒட்டினார்கள், அந்தப் பசை காலப்போக்கில் கெடுவதால் வருகிற நோய் இது. சரிசெய்யலாம், ஆனால் மெதுவாகச் சூடாக்கி, பசை இளகியதும் கண்ணாடியைப் பிரித்து, சுத்தம் செய்து மறுபடி பொருத்த வேண்டும். அவசரமாகச் சூடு காட்டினால் கண்ணாடி விரிசல் விட்டு டியூப்பே போகும். ஒட்டிய கண்ணாடிதான் அந்த டியூப் வெடித்தால் உங்களைக் காக்கும் கேடயம், அதனால் அதை எடுத்துவிட்டு அப்படியே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். முதல் செட்டில் இந்த வேலை வேண்டாம்.

இன்னொன்று, செட்டு எந்த முறையைச் சேர்ந்தது, எந்த மின்சாரத்துக்குச் செய்தது என்று பின் மூடியிலேயே எழுதியிருக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மரை 50 ஹெர்ட்ஸில் போட்டால் வோல்டேஜ் சரியாக இருந்தாலும் கூடுதலாகச் சூடாகும். என்டிஎஸ்சி செட்டுக்கு 525 வரிச் சிக்னலும் பால், சீக்காம் செட்டுகளுக்கு 625 வரிச் சிக்னலும் வேண்டும். இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சர்வீஸ் மேனுவல் கிடைக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள். சர்க்யூட் வரைபடம் இல்லாமல் கலர் செட்டுக்குள் கை வைப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உயிர் முதலில்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி.

கலர் பிக்சர் டியூப்பில் உயர் வோல்டேஜ் நுழையும் முனையான ஆனோடில் சுமார் 25,000 வோல்ட் ஓடும். டியூப்பின் உள்பூச்சும் வெளிப்பூச்சும் சேர்ந்து ஒரு பெரிய கண்டென்சர் மாதிரி நடந்துகொள்வதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் உள்ளேயே நிற்கும். அதை இறக்க, நல்ல இன்சுலேஷன் உள்ள நீளமான ஸ்குரூடிரைவரின் தண்டில் ஒரு வயரைக் கட்டி, வயரின் மறுமுனையை டியூப்பின் வெளிக்கறுப்புப் பூச்சின் மேல் ஓடும் எர்த் பின்னலில் முதலில் மாட்டுங்கள், அப்புறம்தான் ஆனோடு வயர் மாட்டியிருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் ஸ்குரூடிரைவர் முனையை நுழைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் செட்டுகளில் வயருக்கு நடுவே உயர் வோல்டேஜ் தாங்கும் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சட்டென்று இறக்கினால் அரைக்கடத்திகள் செத்துப்போகலாம். ஒருமுறை இறக்கியபின் சில நிமிஷம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். கண்ணாடி கொஞ்சம் சார்ஜைத் தனக்குள் பிடித்துவைத்துத் திரும்ப வெளியே விடும், இரண்டாவது பொறியை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சேசிஸ், பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம். நிறைய செட்டுகளில், குறிப்பாக 1970களுக்குப் பிறகு வந்தவற்றில், பவர் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, மெயின்ஸ் (வீட்டு மின்சாரம்) நேராக, அதை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் போகும். அப்படிப்பட்ட செட்டில் பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சேசிஸில் ஷாக் அடிக்கும். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இவற்றில் வேலை செய்யாதீர்கள், சோதனைக் கருவி எதையும் மாட்டாதீர்கள்.

டியூப் வெற்றிடம் என்பதால் வெளிக்காற்று அதை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. 21 அங்குல டியூப்பின் முகத்தில் மட்டும் 2 டன்னுக்கு மேல் அழுத்தம் உண்டு. கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. டியூப்பை வெளியே எடுக்கும்போது முகத்தை மறைக்கும் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கை சட்டை எல்லாம் வேண்டும், பக்கத்தில் வேறு யாரும் நிற்கவும் கூடாது.

எக்ஸ்ரே பற்றிப் பலர் கட்டுக்கதை என்று நினைக்கிறார்கள். அது உண்மை. 1967இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் கலர் செட்டுகளில் ஹை வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் வால்விலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ்ரே கசிவது தெரியவந்து செட்டுகளைத் தேடிப்போய்த் திருத்த வேண்டியதாயிற்று, 1968இல் அதற்கென்று கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. வால்வு செட்டுகளில் ஹை வோல்டேஜ் ரெக்டிஃபையரும், 6பிகே4 போன்ற ஷன்ட் ரெகுலேட்டரும் உலோகக் கூண்டுக்குள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கூண்டை மூடாமல் ஓட்டாதீர்கள். ஹை வோல்டேஜை மேனுவல் சொன்ன அளவுக்கு மேலே ஏற்றாதீர்கள்.

தனியாக இருக்கும்போது செட்டைத் திறந்து ஓட்டாதீர்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். ஓடும் செட்டை ஒரு கையால் மட்டும் தொடுங்கள், மறுகை பாக்கெட்டில் இருக்கட்டும்.

சுத்தம், போட்டோ, அப்புறம் கண்டென்சர்

முதலில் தூசி. மென்மையான பிரஷ், வேக்குவம் கிளீனர், முகமூடி. பழைய செட்டுகளில் சூடான வால்வுகளுக்கு மேலே ஒட்டியிருக்கும் சாம்பல் நிற அட்டை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம். வால்வுகளைத் துடைக்கும்போது மேலே அச்சிட்ட எண் விரலோடு வந்துவிடும், அதனால் துடைக்கும் முன்பே எது எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று எழுதிவையுங்கள்.

எதையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பக்கமும், ஒவ்வொரு வயரும், கிட்டத்திலிருந்து ஒன்று, தள்ளி நின்று ஒன்று. எலக்ட்ரான் கற்றையைத் திரை முழுக்கத் திருப்பும் காயிலான யோக் கழுத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, மேக்னெட் வளையங்கள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதைப் பெயின்ட்டால் ஒரு சின்னக் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள்.

கண்டென்சர் மாற்றும் வேலையில் எதை மாற்ற வேண்டும் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பது முக்கியம். மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர், கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பேப்பர் கண்டென்சர், எலக்ட்ரோலிட்டிக், இந்த மூன்றையும் மாற்றுங்கள். செராமிக் வில்லைகளும் மைக்காவும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், விட்டுவிடுங்கள். பேப்பருக்குப் பதில் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன், மதிப்பு அதே, வோல்டேஜ் அதே அல்லது கூடுதல். 400 வோல்ட் இருந்த இடத்தில் 630 வோல்ட் போடுவது என் வழக்கம். எலக்ட்ரோலிட்டிக்கில் 105 டிகிரி தாங்குவதை வாங்குங்கள். அலுமினியக் குப்பியில் மூன்று நான்கு சேர்ந்திருக்கும் பழைய எலக்ட்ரோலிட்டிக் இருந்தால், அழகுக்காகக் குப்பியை அப்படியே மேலே விட்டுவிட்டு, அதன் கனெக்ஷன்களை முழுக்கத் துண்டித்து, புதியவற்றைச் சேசிஸுக்கு அடியில் வையுங்கள். பழையதன் மேலேயே புதியதை இணைப்பது தவறு, பழையது கசிந்துகொண்டேதான் இருக்கும்.

மெயின்ஸ் நுழையும் இடத்தில் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்கு எக்ஸ் வகை என்று முத்திரையுள்ளதைத்தான் போட வேண்டும். பழைய ஐரோப்பிய செட்டுகளில் இந்த இடத்தில் தெளிவான எப்பாக்ஸி உறையில் மெல்லிய வெடிப்புகளோடு இருக்கும் பேப்பர் கண்டென்சர் நிச்சயம் ஒருநாள் புகையும், அதை முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

டிரான்சிஸ்டர் செட்டில் ஃப்ளைபேக்கை இயக்கும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் 1600 அல்லது 2000 வோல்ட் எழுதிய ஒரு கண்டென்சர் இருக்கும். இதன் மதிப்பு குறைந்தால் ஹை வோல்டேஜ் ஏறும், உள்ளே இணைப்பு விட்டுப்போனால் ஒரே நொடியில் டிரான்சிஸ்டரும் போகலாம், டியூப்பும் போகலாம். துல்லியமாக அதே மதிப்பு, பல்ஸுக்கென்று செய்த பாலிப்ரோப்பிலீன், வேறு எதுவும் கூடாது.

ரெசிஸ்டர்களில் பழைய கார்பன் காம்போசிஷன் வகை காலப்போக்கில் மதிப்பு ஏறிப்போகும். ஒரு முனையைக் கழற்றி அளந்து, 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றுங்கள். செலீனியம் ரெக்டிஃபையர் இருந்தால் சிலிக்கான் டயோடு போடலாம், ஆனால் வோல்டேஜ் கூடிவிடும் என்பதால் கூடவே தகுந்த வாட்டில் ஒரு ரெசிஸ்டரும் சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வால்வு செட்டில் ஒரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 40க்கு மேற்பட்ட கண்டென்சர்களை மாற்றினேன். மாலையில் போட்டால் படம் மேலிருந்து கீழ்வரை சுருண்டு நின்றது. ஒரே ஒரு கண்டென்சரைப் பக்கத்து டெர்மினலில் சால்டர் செய்திருந்தேன். அதைக் கண்டுபிடிக்க 3 வாரம் ஆனது, ஏனென்றால் எல்லாவற்றையுமே மாற்றியிருந்ததால் எதையும் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து, செட் ஒருமுறை உயிர்பெற்று ஓடத் தொடங்கியபின் நான்கைந்து மாற்றுவேன், போட்டுப் பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன், அப்புறம் அடுத்த நான்கைந்து. முதன்முதலில் கரண்ட் கொடுக்கும் முன் பவர் சப்ளை எலக்ட்ரோலிட்டிக், மெயின்ஸ் கண்டென்சர், அவுட்புட் வால்வுகளைக் கட்டுப்படுத்தும் முனையான கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர்கள், இவற்றை மட்டும் கட்டாயம் மாற்றியிருக்க வேண்டும்.

சர்க்யூட் போர்டு உள்ள செட்டுகளில் வால்வுச் சாக்கெட்டைச் சுற்றியும், சூடாகும் ரெசிஸ்டர்களைச் சுற்றியும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சால்டரில் மோதிரம் போல மெல்லிய வட்டக்கோடு தெரிந்தால் அது டிரை சால்டர், அதாவது இணைப்பு விட்டுப்போனது, பழையதை உறிஞ்சியெடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். காயில்களின் நடுவிலுள்ள ஃபெரைட் கருவை மட்டும் தயவுசெய்து திருகாதீர்கள். அது தானாக விலகுவது அபூர்வம். கம்பெனியில் கருவி வைத்துச் செய்த அலைன்மென்டைக் குத்துமதிப்பாகத் திருகிக் கெடுத்துவிட்டால் மீண்டும் கொண்டுவருவது பெரும்பாடு.

முதல் கரண்ட்

வால்வு செட்டுக்கு, வோல்டேஜை மெதுவாக ஏற்ற உதவும் வேரியாக்கும், செட்டுக்குப் போகும் கரண்டின் வழியில் தொடராக மாட்டும் சீரிஸ் பல்பும் நல்ல துணை. பல்பு வழியாகப் போடும்போது, திரையின் காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயிலின் கனெக்டரைக் கழற்றிவையுங்கள், இல்லாவிட்டால் தொடக்கத்தில் அது இழுக்கும் கரண்டைப் பார்த்து ஷார்ட் என்று நினைத்துவிடுவீர்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள். வேகமாக ஆன், ஆஃப் ஆகி வோல்டேஜ் தரும் ஸ்விட்ச் மோட் சப்ளை உள்ள செட்டுகளில் வோல்டேஜை மெதுவாக ஏற்றுவது சரிப்படாது, குறைந்த வோல்டேஜில் அது தொடங்க முயன்று முயன்று தன்னையே கெடுத்துக்கொள்ளலாம். அங்கே லைன் அவுட்புட்டைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் 60 வாட் பல்பு ஒன்றை லோடாகக் கட்டி, சப்ளை தனியாகச் சரியான வோல்டேஜ் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வால்வு செட்டில் லைன் அவுட்புட் வால்வின் மேல் ஒரு கண் இருக்கட்டும். அதன் தகடு சிவக்கத் தொடங்கினால் சில நொடிகளுக்குள் அணைத்துவிடுங்கள். கிரிட்டுக்கு டிரைவ் வரவில்லை என்று பொருள், அப்படியே விட்டால் வால்வும் ஃப்ளைபேக்கும் சேர்ந்து போகும். நான் இந்த வால்வின் கேத்தோடில் (எலக்ட்ரான் வெளிவிடும் முனையில்) கரண்ட் அளக்கும் ஒரு மீட்டரை மாட்டாமல் எந்தக் கலர் செட்டையும் முதல்முறை ஓட்டுவதில்லை. பெரும்பாலான பெரிய வால்வு கலர் செட்டுகளில் அது 200 மில்லியாம்பியரை ஒட்டி நிற்கும், துல்லியமான அளவு உங்கள் மேனுவலில் இருக்கும். ஹை வோல்டேஜை அளக்க அதற்கென்றே செய்த புரோப்தான் வேண்டும், அதன் எர்த் கிளிப்பை முதலில் மாட்டிவிட்டுத்தான் முனையைக் கொண்டுபோக வேண்டும். சாதாரண மல்டிமீட்டரை அந்தப் பக்கமே காட்டாதீர்கள்.

படம் மங்கலாக வந்தால் டியூப் செத்தது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பல வருஷம் தூங்கிய கேத்தோடு விழிக்கக் கொஞ்ச நாள் எடுக்கும். தினம் சில மணி நேரம் குறைந்த வெளிச்சத்தில் ஓட்டிப் பாருங்கள், ஒரு வாரத்தில் நன்றாகத் தேறிவந்த டியூப்கள் உண்டு. ரிஜுவனேட்டர் என்ற கருவி கேத்தோடின் மேல்பரப்பை வலுவாகச் சுட்டுப் புதுப்பிக்கும், பலன் சில மாதம் நிற்கலாம், சிலசமயம் அந்த நிமிஷத்திலேயே துப்பாக்கி செத்தும் போகலாம். மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் அதைத் தொடுவேன்.

மூன்று நிறமும் ஒன்றாகும் இடம்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செட் எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து நிற்கப்போகிறதோ அங்கேயே வைத்துச் செய்யுங்கள். பூமியின் காந்தப்புலமே எலக்ட்ரான் கற்றையைக் கொஞ்சம் வளைக்கும், டெல்டா டியூப் செட்டைத் திருப்பி வைத்தால் போதும், ஓரங்களில் நிறத்திட்டு வந்துவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். கலர் குமிழை முழுக்கக் குறைத்துவிடுங்கள். கட்டக் கோடும் புள்ளியும் காட்டும் பேட்டர்ன் ஜெனரேட்டர் வேண்டும், அதே படங்களை ஒரு மீடியா பிளேயரில் போட்டு மாடுலேட்டர் (இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்) வழியாகக் கொடுத்தாலும் சரி.

முதலில் டீகாஸ். கைக்காயிலை முகத்துக்கு முன் வட்டமாகச் சுற்றிக்கொண்டே மெதுவாக 2 மீட்டர் பின்னால் வந்து, காயிலைத் திரைக்குச் செங்குத்தாகத் திருப்பி, அப்புறம் அணையுங்கள். திரைக்குப் பக்கத்திலேயே அணைத்தால் இருந்ததைவிட மோசமாகக் காந்தம் ஏறிவிடும்.

நடுவில் மூன்று நிறப் புள்ளிகளையும் ஓரளவு சேர்த்துவிட்டு பியூரிட்டிக்கு, அதாவது ஒவ்வொரு நிறமும் கலப்பில்லாமல் வரச் செய்வதற்குப் போங்கள். நீலத்தையும் பச்சையையும் அணைத்துச் சிவப்பை மட்டும் விடுங்கள். யோக்கைத் தளர்த்திப் பின்னால் கழுத்துப் பக்கம் இழுத்தால் திரை நடுவில் ஒரு சிவப்புத் திட்டு மட்டும் நிற்கும். பியூரிட்டி வளையங்களைத் திருப்பி அதைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு யோக்கை மெல்ல முன்னால் தள்ளுங்கள், சிவப்பு விரிந்து விரிந்து திரை முழுக்க ஒரே சீராக நிரம்பும். முதன்முதலாக ஒரு கறையும் இல்லாமல் திரை முழுக்கச் சிவந்து நின்ற அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பச்சையும் நீலமும் அதேபோலத் தனித்தனியாகச் சீராக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு யோக்கை இறுக்குங்கள்.

அடுத்து கன்வர்ஜென்ஸ். டெல்டா டியூப்பில் சிவப்பும் பச்சையும் சாய்வாக நகரும், நீலம் மேலும் கீழும் நகரும், நீலத்தைப் பக்கவாட்டில் நகர்த்தத் தனியாக ஒரு மேக்னெட் உண்டு. முதலில் சிவப்பையும் பச்சையையும் சேர்த்து மஞ்சளாக்குங்கள், அந்த மஞ்சள் மேல் நீலத்தைக் கொண்டுவந்து வைத்தால் வெள்ளை. நடுப்பகுதி முடிந்ததும் ஓரங்களுக்கான டைனமிக் கன்வர்ஜென்ஸ் போர்டு, பெரும்பாலும் 12 குமிழ்களும் காயில்களும் இருக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கொஞ்சம் நகரும். மேனுவல் சொல்லும் வரிசையிலேயே போங்கள், ஒரு சுற்று முடிந்ததும் நடுப்பகுதியை மறுபடி சரிசெய்து இன்னொரு சுற்று போங்கள். மூன்று சுற்றுக்கு மேல் எனக்குப் பெரிய முன்னேற்றம் கிடைத்ததில்லை. கடைசி மூலைகளில் மெல்லிய நிற ஓரம் புதிய செட்டிலேயே இருந்ததுதான், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இன்-லைன் டியூப்பில் இந்த வேலை பெரும்பாலும் கழுத்து வளையங்களோடும் யோக்கைச் சற்றுச் சாய்ப்பதோடும் முடிந்துவிடும். சில டியூப்களில் யோக்கைக் கம்பெனியிலேயே ஒட்டியிருப்பார்கள், அதை அசைக்கவே அசைக்காதீர்கள். டிரினிட்ரானில் தெரியும் ஓரிரண்டு மெல்லிய கிடைக்கோடுகள் உள்ளே கம்பிகளைத் தாங்கும் இழைகளின் நிழல், அது கோளாறு கிடையாது.

பிறகு கிரே ஸ்கேல், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைவரை நிறச் சாயல் இல்லாமல் செய்வது. சர்வீஸ் ஸ்விட்சைப் போட்டால் படம் ஒரு கிடைக்கோடாகச் சுருங்கும். மூன்று ஸ்கிரீன் குமிழ்களையும் முழுக்கக் குறைத்து, ஒவ்வொன்றாக ஏற்றி, அந்தந்த நிறக் கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்விட்சைப் பழையபடி போட்டு, படத்தின் வெளிச்சமான இடங்கள் வெள்ளையாக வரும்வரை டிரைவ் குமிழ்களைத் திருப்புங்கள். பழைய டியூப்களில் சிவப்பு பாஸ்பர்தான் பலவீனமானது, அதனால் பல செட்டுகளில் சிவப்புக்கு டிரைவ் குமிழே வைத்திருக்கமாட்டார்கள், பச்சையையும் நீலத்தையும் சிவப்பின் அளவுக்கு இறக்க வேண்டும். இருட்டிலும் வெளிச்சத்திலும் எந்த நிறச் சாயலும் இல்லாத ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இப்போது கலர் குமிழை ஏற்றுங்கள். கலரே வரவில்லை என்றால் முதலில், சிக்னல் பலவீனமானால் கலரை நிறுத்தும் கலர் கில்லரின் குமிழைத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் கலரைப் பிரித்தெடுக்கத் தேவையான அலையை உண்டாக்கும் கலர் ஆசிலேட்டர். என்டிஎஸ்சியில் அது 3.58 மெகாஹெர்ட்ஸ், பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸ். கலர் பட்டைகளாக உருண்டு ஓடினால் ஆசிலேட்டர் சிக்னலோடு பூட்டிக்கொள்ளவில்லை. பால் செட்டில் கலருக்கு மேல் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிடைக்கோடுகள் ஜன்னல் பட்டிபோலத் தெரிந்தால், ஒரு வரியை 64 மைக்ரோசெகண்ட் தாமதிக்கும் டிலே லைன் பகுதியைச் சந்தேகப்படுங்கள், பலசமயம் அதற்குப் பக்கத்திலுள்ள சின்னக் குமிழைச் சரிசெய்தாலே போய்விடும்.

சிக்னலும் பராமரிப்பும்

அனலாக் ஒளிபரப்பு உலகின் பெரும்பகுதியில் நின்றுவிட்டது, அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூனிலேயே நிறுத்திவிட்டன. அதனால் வீடியோவை டி.வி. சேனலாக மாற்றித் தரும் ஆர்எஃப் மாடுலேட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். செட்டு எந்த முறையோ அந்த முறைக்கானதாக வாங்குங்கள், சீக்காமுக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ வரும் கருவியை மாட்ட, கம்போசிட் (ஒரே வயரில் வரும்) வீடியோவாக மாற்றித்தரும் சின்னப் பெட்டி போதும், ஆனால் படத்தின் அளவை 4:3 என்று வைக்க மறக்காதீர்கள். பழைய செட்டின் ஆன்டெனா இரண்டு ஸ்குரூவாக இருந்தால் அது 300 ஓம், இன்றைய கேபிள் 75 ஓம், நடுவில் இரண்டையும் பொருத்தும் பேலன் ஒன்றை மாட்ட வேண்டும். சேனல் மாற்றும்போது படம் துள்ளினால் டியூனரின் கான்டாக்டுகளைத் கான்டாக்ட் கிளீனர் திரவத்தால் மெதுவாகத் துடைத்தெடுங்கள், தகடுகளை வளைக்காதீர்கள்.

சரியாகிவிட்ட செட்டைப் பெட்டிபோல மூடிவைத்து விடாதீர்கள். மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது இரண்டு மணி நேரம் ஓடட்டும், கண்டென்சர்களுக்கும் டியூப்புக்கும் அது நல்லது. பின் மூடியின் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் எதையும் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதன் காந்தம் நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் ஒரே நாளில் கலைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது அறையைவிட்டுப் போகாதீர்கள், வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம், மாற்றிய பாகங்களின் பட்டியல், அளந்த வோல்டேஜ், தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு, கேபினெட்டுக்குள் சூடு படாத ஓரத்தில் ஒட்டிவையுங்கள், உங்களுக்கு அப்புறம் அந்தப் பின் மூடியைத் திறப்பவருக்கு அது உதவும்.